கட்டுச்சோறும் கணிப்பொறியும்

கணிப்பொறியின் பொத்தானை அழுத்துகின்றோம். திரையில் ஏதோ சில எழுத்துகள் விரைந்து ஓடுகின்றன. அல்லது தயாரித்த நிறுவனத்தின் சின்னம் ஒன்று மின்னுகின்றது. கால் நிமிடமோ அரை நிமிடமோ கழித்து நம் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு நிற்கின்றது. அந்த அரை நிமிடத்திற்குள் உள்ளே என்ன நிகழ்ந்தது என்று எண்ணிப் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? எண்ணிப் பார்க்க வேண்டிய தேவைதான் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களை மனத்திற் கொண்டே இக்கட்டுரையை எழுதத் துணிந்தேன்.

லினக்ஸ் என்னும் இயக்க அமைப்பை எடுத்துக்கொள்வோம். 1991-இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிவைத்தது அது. ஆம், நம்மைப் போல் வகுப்புக்குச் சென்றுவந்த ஒரு மாணவர்தாம்! அதன் உட்கருவுக்குக் கெர்னல் என்று பெயர். நினைவகத்தைப் பங்கிடுவது, வன்தட்டைப் படிப்பது, விசைப்பலகைக்குச் செவி கொடுப்பது அனைத்தும் கெர்னலின் பொறுப்பு. ஒவ்வொரு கருவியோடும் பேசுவதற்கு ஒவ்வோர் இயக்கி வேண்டும். உலகிலுள்ள கருவிகள் அனைத்துக்குமான இயக்கிகளையும் கெர்னலுக்குள்ளேயே திணித்தால் அது ஊதிப் பருத்துவிடும். ஆகவே பெரும்பாலான இயக்கிகளை மாட்யூல்கள் என்னும் தனித்தனிக் கோப்புகளாக வன்தட்டில் வைத்துவிட்டு, வேண்டும்போது எடுத்துக்கொள்வது வழக்கமாயிற்று.

இங்கேதான் சிக்கல் முளைக்கின்றது. வன்தட்டைப் படிப்பதற்கு அதற்குரிய இயக்கி வேண்டும். அந்த இயக்கியோ வன்தட்டில் இருக்கின்றது! பெட்டியைப் பூட்டிவிட்டுச் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்த கதைதான்.

"கெர்னலையே வன்தட்டிலிருந்துதானே எடுத்து வந்தார்கள்? அதை எடுத்தவர் இதையும் எடுத்துத் தரக்கூடாதா?" என்று கூர்மையான மாணவர் ஒருவர் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். கெர்னலை எடுத்து வருவது கிரப் போன்றதொரு துவக்க நிரல். அது தாய்ப்பலகையிலேயே பொதிந்து கிடக்கும் பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ என்பதன் கையைப் பிடித்துக்கொண்டு வட்டைப் படிக்கின்றது. கெர்னல் பொறுப்பேற்றவுடன் அந்தக் கையை உதறிவிட்டுத் தன் சொந்த இயக்கிகளையே நம்புகின்றது. ஆகவே துவக்க நிரலின் கை இன்னும் விடுபடாத அந்தச் சிறு பொழுதுக்குள், கெர்னலோடு சேர்த்து வேறொன்றையும் நினைவகத்தில் இறக்கி வைத்துவிட வேண்டும். அந்த வேறொன்றுதான் இனிட்ராம்எஃப்எஸ் எனப்படும் தொடக்கக் கட்டு.

மாட்டு வண்டி கட்டிக்கொண்டு வெளியூர்த் திருவிழாவுக்குப் புறப்பட்ட நம் பாட்டிமார் கட்டுச்சோறு இல்லாமல் படியிறங்கியதில்லை. போய்ச்சேரும் ஊரில் விருந்தே காத்திருக்கலாம்; ஆனால் போய்ச்சேரும்வரை பசி பொறுக்குமா? தொடக்கக் கட்டும் அத்தகையதே. வன்தட்டு என்னும் ஊரை அடையும்வரை கெர்னலுக்கு வேண்டிய உணவு அதில் இருக்கின்றது. எதைக் கட்டுவது, எவ்வளவு கட்டுவது, யார் கட்டுவது என்பவைதாம் இனி நாம் பேசப்போகும் பொருள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இந்தக் கட்டு இல்லை. 1.44 மெகாபைட் கொண்ட நெகிழ்வட்டு ஒன்றில் கெர்னல் அடங்கியாக வேண்டும். யாரிடம் எந்தக் கருவி இருக்கும் என்று தெரியாததால், ஸ்லாக்வேர் போன்ற தொகுப்புகள் இன்ன வகைக் கருவிக்கு இன்ன நெகிழ்வட்டு என்று பலவகைத் துவக்க வட்டுகளை வைத்திருந்தன. தம் பொறிக்கு ஏற்றதைப் பயனாளரே பார்த்து எடுத்துக்கொள்ள வேண்டும். 1996 அளவில் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர், ஹான்ஸ் லெர்மன் ஆகிய இருவரும் எழுதிய கெர்னல் குறிப்பு இனிட்ஆர்டி என்னும் ஏற்பாட்டை விளக்கிற்று. நினைவகத்தின் ஒரு பகுதியை வட்டாகப் பாவித்து, அதில் சிறு கோப்பு முறைமை ஒன்றை இறக்கி, வேண்டிய மாட்யூல்களை அதிலிருந்து எடுத்துக்கொள்ளும் முறை அது. நல்ல முறைதான், ஆனால் போலியானாலும் வட்டு வட்டுதானே! அதற்கு முன்கூட்டியே அளவு குறிக்க வேண்டும். அதைப் படிப்பதற்கும் ஒரு கோப்பு முறைமையின் இயக்கி கெர்னலுக்குள் இருந்தாக வேண்டும். நினைவகத்திலிருக்கும் போலி வட்டிலிருந்து படித்ததை, நினைவகத்திலேயே மறுபடியும் ஒரு படியெடுத்து வைக்கும் வேடிக்கையும் நடந்தது.

2003 டிசம்பரில் வெளிவந்த 2.6 கெர்னல் இந்தப் பாசாங்கைக் கைவிட்டது. கோப்புகளைச் சிபிஐஓ என்னும் பழைய யூனிக்ஸ் முறையில் ஒரே கட்டாகக் கட்டிச் சுருக்கிவைத்தால் போதும். கெர்னல் அதை நினைவகத்தில் அவிழ்த்துப் போட்டுக்கொள்ளும். அளவு குறிக்க வேண்டியதில்லை. தேவைக்கேற்ப விரியும், சுருங்கும். டார் முறையை விடுத்துச் சிபிஐஓவையே கொள்வது என்று 2001 டிசம்பரிலேயே ஆல் விரோ என்பவர் முடிவு செய்திருந்தார். நாம் எதுவும் கட்டிக் கொடுக்காவிட்டாலும் 2.6 கெர்னல் தனக்குள் ஒரு வெறுங்கட்டை வைத்துக்கொண்டே பிறந்தது. அதன் எடை 134 பைட்டுகள் என்று ராப் லேண்ட்லி 2005-இல் எழுதிய குறிப்பு கூறுகின்றது. வெறும் இலையை மடித்து மடியில் செருகிக்கொண்டதற்கு ஒப்பிடலாம்.

கட்டை அவிழ்த்ததும் கெர்னல் முதலில் தேடுவது இனிட் என்னும் பெயருடைய ஒரு நிரலை. அதுவே முதல் நிரல். அதன் எண் 1. வட்டுக்குரிய மாட்யூல்களை ஏற்றுவதும், வட்டு கண்ணில் படும்வரை காத்திருப்பதும், வட்டு மறைகுறியாக்கப்பட்டிருந்தால் கடவுச்சொல் கேட்பதும், கோப்பு முறைமை பழுதுபட்டிருக்கின்றதா என்று சோதிப்பதும் அதன் கடமைகள். மெய்யான மூலக் கோப்பு முறைமை கிடைத்தவுடன், கட்டிலிருந்த கோப்புகளை அழித்து நினைவகத்தைத் திருப்பித் தந்துவிட்டு, வட்டிலிருக்கும் இனிட்டிடம் பொறுப்பை ஒப்படைத்து மறைகின்றது. உண்டு முடித்த இலையைச் சுருட்டி எறிந்துவிட்டு ஊருக்குள் நுழைகின்றார்கள் என்க.

இனி, எதைக் கட்டுவது? டெபியன் தொகுப்பில் இதற்கென்று இனிட்ராம்எஃப்எஸ்.கான்ஃப் என்னும் ஒரு சிறு கோப்பு இருக்கின்றது. அதில் மாட்யூல்ஸ் என்று ஒரு வரி. அதற்கு நேரே மோஸ்ட் என்று எழுதினால், எந்தப் பொறியிலும் வட்டைக் கண்டுபிடிக்கப் போதுமான அளவுக்குப் பெரும்பாலான இயக்கிகளும் கட்டுக்குள் செல்லும். டெப் என்று எழுதினால், இந்தப் பொறியில் இப்போது எவை தேவையோ அவை மட்டுமே செல்லும். நாமாகச் சொல்லாவிட்டால் மோஸ்ட் என்பதே நடப்பு. ஃபெடோராவில் 2009 முதல் டிராகட் என்னும் கருவியும், ஆர்ச் தொகுப்பில் எம்கே-இனிட்-சிபிஐஓ என்னும் கருவியும் இதே பணியைச் செய்கின்றன. பெயர்கள் வேறு, கேள்வி ஒன்றே. எல்லாவற்றையும் கட்டுவதா, வேண்டியதை மட்டும் கட்டுவதா?

இது குறித்து இளைஞர்களிடையே ஒரு பெருமை பரவியிருக்கின்றது. "என் கட்டு இத்தனை மெகாபைட்தான், என் பொறி இத்தனை வினாடியில் எழுந்துவிடும்" என்று மார்தட்டிக்கொள்கின்றார்கள். மெலிந்த கட்டு விரைவில் அவிழும் என்பதும், அதில் ஓர் அழகு உண்டு என்பதும் மறுக்கவொண்ணா உண்மைகள். பல பத்து மெகாபைட்டுகளாகப் பருத்துக் கிடக்கும் பொதுக்கட்டைப் பார்த்தால் எவருக்கும் இளைக்கவைக்கத் தோன்றும்தான். ஆயினும் இரண்டு மூன்று வினாடிகளை மிச்சம் பிடித்து நாம் எந்தக் கோட்டையைப் பிடிக்கப் போகின்றோம்? 2020-இல் வந்த 5.9 கெர்னல் இசட்-ஸ்டாண்டர்டு என்னும் விரைந்து அவிழும் சுருக்க முறையையும் ஏற்றுக்கொண்டபின், அந்த வினாடிகளிலும் ஒரு பகுதி தானாகவே குறைந்துவிட்டது.

மெலிந்த கட்டின் விலை பின்னொரு நாளில்தான் தெரியவரும். ஒருவருடைய மடிக்கணினியின் தாய்ப்பலகை இறந்துவிடுகின்றது என்று வைத்துக்கொள்ளுங்கள். வன்தட்டு நன்றாகவே இருக்கின்றது. அதனுள் இறுதியாண்டுத் திட்டப்பணி முழுவதும் இருக்கின்றது. வட்டைக் கழற்றி யூஎஸ்பி உறையிலிட்டு நண்பரின் பொறியில் செருகி, அதிலிருந்தே துவக்க முயல்கின்றார். பொதுக்கட்டாக இருந்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். டெப் என்று கட்டிய கட்டில் யூஎஸ்பி வட்டுக்குரிய இயக்கி எப்படி இருக்கும்? கட்டிய அன்று அந்த வட்டு உள்ளேயல்லவா பூட்டப்பட்டிருந்தது! ஏறத்தாழ அரை நிமிடம் காத்திருந்துவிட்டு, இன்ன எண்ணுடைய வட்டு இல்லை என்று ஓர் எச்சரிக்கையைக் காட்டி, அடைப்புக்குறிக்குள் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சொல்லோடு கருந்திரை நின்றுவிடுகின்றது.

இந்தக் கருந்திரையைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் நம் போன்ற அரசுக் கல்லூரிகளின் ஆய்வகங்களில் பெருநட்டம் நேர்வது இங்கேதான். மின்சாரம் சொல்லிக்கொண்டு போவதில்லை. மின்கலத் தாங்கியின் ஆயுளும் நாமறிந்ததே. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்பு முறைமையில் முரண்பாடு உண்டாகலாம். பெரும்பாலும் அடுத்த துவக்கத்தில் அது தானாகவே சரிசெய்யப்பட்டுவிடும். முரண்பாடு பெரிதாக இருந்தால், தொடக்கக் கட்டிலிருக்கும் சோதனை நிரல் தானாக முடிவெடுக்க அஞ்சி, "நீங்களே வந்து பாருங்கள்" என்று அதே கருந்திரையைக் காட்டி நிற்கின்றது. அவ்வளவுதான்! "மெஷின் போய்விட்டது" என்று தீர்ப்பு எழுதப்படுகின்றது. பொறியின்மேல் ஒரு துணி போர்த்தப்படுகின்றது. பருவம் முழுவதும் அது மூலையில் உறங்குகின்றது. அதற்கு எதிரே இருவருக்கு ஒரு பொறி என்று மாணவர்கள் நெருக்கியடித்துக்கொண்டு அமர்ந்திருக்கின்றார்கள். அல்லது பழுது பார்க்க வருகின்றவர் ஒரு கேள்வியும் கேட்காமல் வட்டை அழித்துப் புதிதாக நிறுவிவிட்டுக் கட்டணச் சீட்டை நீட்டுகின்றார். பொறி எழுந்துவிட்டது, மூன்று மாத உழைப்பு போய்விட்டது.

உண்மையில் அந்தக் கருந்திரை மரணச் செய்தியன்று. கெர்னல் நலமாக எழுந்துவிட்டது, கட்டும் அவிழ்ந்துவிட்டது, ஊருக்கு வழி தெரியாமல் வண்டி நிற்கின்றது என்பதே அதன் பொருள். பிஸிபாக்ஸ் என்னும் சிறு கருவிப்பை அங்கே நம் கட்டளைக்குக் காத்திருக்கின்றது. எந்தெந்த வட்டுகள் கண்ணில் படுகின்றன என்று பார்க்கலாம். பழுதுபட்ட பகுதியின் பெயரைச் சொல்லி எஃப்எஸ்சிகே என்னும் சோதனையை ஓட்டி, எக்சிட் என்று ஒரு சொல் தட்டினால் பல வேளைகளில் பொறி விட்ட இடத்திலிருந்து தன் பயணத்தைத் தொடரும். ஐந்து நிமிட வேலை! வட்டே தேய்ந்து பழுதாகியிருந்தால் இந்த ஐந்து நிமிடம் போதாதுதான். அப்போதும் அழிப்பதற்குமுன் படியெடுக்க வேண்டும் என்பதாவது தெரிந்திருக்குமன்றோ?

இந்த அறிவு நம் மாணவர்க்கு எட்டாக்கனியா? அன்று. சென்னையில் சி-டாக் நிறுவனத்தார் டெபியனை அடியொற்றி உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007-இல் வெளிவந்தது. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட பொறிகள் பலவற்றிலும் அது இடம்பெற்றிருந்தது. ஆக, தொடக்கக் கட்டு என்பது எங்கோ வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தில் இருக்கும் பொருளன்று. நம் மாணவர்களின் கைப்பையில் பயணம் செய்த பொருள். அதை அவிழ்த்துப் பார்க்கத்தான் நாம் யாருக்கும் கற்றுத்தரவில்லை. இயக்க அமைப்புப் பாடத்தில் முட்டுக்கட்டை நிலையையும் பக்க மாற்றீட்டையும் பக்கம் பக்கமாகப் படிக்கின்றோம். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதுகின்றோம். துவக்கம் என்பதோ ஒரு பத்தியோடு முடிந்துவிடுகின்றது. பொறி எழுந்த பிறகு நடப்பதை எல்லாம் கற்ற மாணவர், பொறி எழாதபோது கைகட்டி நிற்கின்றார்.

கட்டுவதில் கவனிக்க வேண்டிய மற்றொன்றும் உண்டு. புதிய கெர்னல் வரும்போதெல்லாம் அதற்கென்று ஒரு புதுக்கட்டும் கட்டப்பட்டுப் பூட் என்னும் பகுதியில் வைக்கப்படுகின்றது. சில நூறு மெகாபைட் அளவில் அப்பகுதியைத் தனியே பிரித்து வைத்த பொறிகளில், பழைய கட்டுகள் சேர்ந்து சேர்ந்து இடம் அடைந்துபோகும். அப்போது புதுக்கட்டு கட்டும் வேலை பாதியில் நின்றுவிடும். அதைச் சொல்லும் பிழைச்செய்தியை யாரும் படிப்பதில்லை என்பது தனிக்கதை. பழையனவற்றைக் கழிக்கத்தான் வேண்டும். ஆனால் இடம் வேண்டுமென்று எல்லாப் பழைய கட்டுகளையும் துடைத்தெறிவதும் அறிவுடைமையாகாது. நன்றாக எழுந்துகொண்டிருந்த கெர்னலும் அதன் கட்டும் ஒன்றாவது கைவசம் இருக்க வேண்டும்.

"கட்டுச்சோற்றில் பெருச்சாளியை வைத்துக் கட்டியது போல" என்பார்கள். அதற்கும் இங்கே இடமுண்டு. 2016 நவம்பரில் ஹெக்டர் மார்கோ, இஸ்மாயில் ரிப்போல் என்னும் இருவர் ஒரு குறையை வெளியிட்டார்கள். வட்டு முழுவதும் மறைகுறியாக்கப்பட்ட சில லினக்ஸ் பொறிகளில், கடவுச்சொல் கேட்குமிடத்தில் ஒன்றும் எழுதாமல் என்டர் விசையை ஏறத்தாழ 70 வினாடிகள் அழுத்திக்கொண்டே இருந்தால், முழு அதிகாரம் கொண்ட கட்டளைத்திரை கிடைத்துவிட்டது! காரணம் என்ன தெரியுமா? தவறான முயற்சிகள் மிகுந்ததும், "வட்டு மெதுவாக எழுகின்றது போலும்" என்று கட்டிலிருந்த நிரல் தவறாகக் கருதி, முன்பு நாம் புகழ்ந்த அதே கருந்திரையைத் திறந்துவிட்டது. மறைகுறியாக்கப்பட்ட செய்திகளை அதனால் படிக்க முடியாதெனினும், வட்டை அழிக்கலாம், படியெடுத்துச் செல்லலாம், மறைக்கப்படாத பூட் பகுதியில் கைவைக்கலாம். உதவிக்கென்று வைத்த புழக்கடைக் கதவு கள்வனுக்கும் திறந்தது. அக்குறை பிற்பாடு திருத்தப்பட்டது. ஆனால் கட்டு என்பது வெறும் சோறன்று, அதுவும் ஒரு நிரல்தான் என்பதை அது காட்டிற்று.

இன்னும் சிலர், வட்டின் திறவுகோலையே கட்டுக்குள் வைத்துவிடுகின்றார்கள். அவ்வாறு வைப்பவர் யூமாஸ்க் 0077 என்று ஒரு வரியை அமைப்புக் கோப்பில் எழுதி, பிற பயனாளர் எவரும் கட்டைப் பிரித்துப் படிக்கவியலாதபடி செய்ய வேண்டும். பல பேர் ஒரே பொறியில் அமரும் ஆய்வகத்துக்கு இது மிக மிகத் தேவை. மேலும், கெர்னலின் கையொப்பத்தைச் சரிபார்க்கும் செக்யூர் பூட் ஏற்பாடு, நம் பொறியிலேயே கட்டப்படும் கட்டைப் பொதுவாகச் சரிபார்ப்பதில்லை. கெர்னலையும் கட்டையும் ஒன்றாகச் சேர்த்துக் கையொப்பமிடும் முறை இப்போது பரவி வருகின்றது. அதில் நன்மை உண்டு. ஆனால் கட்டும் உரிமை நம் கையிலிருந்து தொகுப்பாளர் கைக்குப் போய்விடுமோ என்னும் ஐயமும் எனக்கு உண்டு. கையொப்பத்தின் சாவி பொறிக்குரியவரிடம் இருக்கும்வரை குற்றமில்லை.

அப்படியானால் என் கருத்துத்தான் என்ன? ஆய்வகப் பொறிகளில் மோஸ்ட் என்பதே இருக்கட்டும். வட்டும் தாய்ப்பலகையும் இடம் மாறிக்கொண்டேயிருக்கும் இடத்தில் மெலிந்த கட்டு அழகுக்கு அழகாகாது. தம் சொந்தப் பொறியை விரல் நுனியில் அறிந்தவர் டெப் என்று எழுதிக்கொள்ளட்டும்; ஆனால் பொதுக்கட்டு ஒன்றைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எழுதட்டும். இவ்வகையில் ஃபெடோராவின் வழக்கம் எனக்குப் பிடித்திருக்கின்றது. அன்றாடப் பயணத்துக்கு அந்தப் பொறிக்கென்றே அளந்து கட்டிய மெலிந்த கட்டு. ஆபத்துக்கு மீட்புக்கட்டு என்னும் பெரிய கட்டு ஒன்று. பாட்டிமார் வழிச்செலவுக்குத் தனியாகவும் முந்தானை முடிச்சில் தனியாகவும் காசு வைத்துக்கொண்டதை நினைவூட்டுகின்றது.

இதற்கும் மேலாக நான் வேண்டுவது, கணிப்பொறி அறிவியல் மாணவர் ஒவ்வொருவரும் ஒரு கட்டையாவது தம் கையால் கட்ட வேண்டும் என்பது. "யாரோ கட்டித் தருகின்றார்கள், நாம் உண்கின்றோம், இதில் என்ன குறை?" என்பவர்களுக்கு என் மறுமொழி இதுதான்: கட்டித் தருபவர் நம்முடன் வண்டியில் வருவதில்லை.

இதற்குப் பெரும்பொருள் வேண்டாம். ஒரு பிற்பகல் செய்முறை வகுப்பு போதும். ஆய்வகத்துப் பொறிகளைத் தொடவே தேவையில்லை. கியூஎமு என்னும் மென்பொருள் பொறிக்குள் ஒரு போலிப் பொறியை எழுப்பித் தரும். முதலில் எல்எஸ்-இனிட்ராம்எஃப்எஸ் என்னும் கட்டளையால், இருக்கின்ற கட்டினுள் என்னென்ன கோப்புகள் உள்ளன என்று பட்டியலெடுத்துப் பார்க்கட்டும். பிறகு வணக்கம் என்று ஒரு வரியை அச்சிட்டுவிட்டு நெடுநேரம் உறங்கும் சிறு சி நிரல் ஒன்றை எழுதட்டும். அதை வேறு நூலகக் கோப்புகளின் துணை வேண்டாதபடி தொகுத்து, இனிட் என்று பெயரிட்டு, சிபிஐஓ கட்டாகக் கட்டி, ஜிஜிப் கொண்டு சுருக்கி, கெர்னலோடு சேர்த்துக் கியூஎமுவிடம் கொடுக்கட்டும். வட்டு இல்லை, வேறு கோப்பு எதுவும் இல்லை. கெர்னலின் நூற்றுக்கணக்கான வரிகள் ஓடி முடிந்தபின், தாம் எழுதிய அந்த ஒரு வரி திரையில் வந்து நிற்பதை மாணவர் காண்பார்.

அடுத்து, நெடுநேரம் உறங்கச் சொன்ன வரியை மட்டும் நீக்கிவிட்டு மறுபடியும் கட்டி இயக்கிப் பார்க்கட்டும். வணக்கம் சொன்ன அடுத்த கணமே, எண் 1 உடைய நிரல் முடிந்துவிட்டதென்று கெர்னல் பதறிக் கூச்சலிட்டு நின்றுவிடும். அந்தக் கூச்சலில் என்னென்ன வரிகள் வந்தன, அவற்றுள் எது காரணத்தைச் சொல்கின்றது என்று செய்முறை ஏட்டில் எழுதிக்கொண்டு வரச் சொல்லலாம்.